முழங்கைக்கு நாலு விரல் கீழே

சமையல் மேடை என் விலாவில் இடித்தது. பன்னிரண்டு நாள் மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்துவிட்டு அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பையை வீட்டில் வைக்கக்கூடப் போகாமல் நேராக வெல்டர் தம்பியின் பட்டறை முற்றத்துக்குப் போய், அங்கே நாங்கள் வீடாக மாற்றிக்கொண்டிருந்த வேனுக்குள் ஒரே தாவலில் ஏறி மேடைக்கு முன்னால் நின்றேன். நான் கிளம்பும்போது அந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. இப்போது வழவழவென்று இழைத்த பலகை, மூலை எல்லாம் உருட்டி, மெழுகு வாசனையோடு இருந்தது. ஆசையாகத் தடவிப் பார்த்தேன். அப்புறம் வெங்காயம் நறுக்குகிறவள் போல இரண்டு கையையும் மேலே வைத்தேன். தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிக்கொண்டன. பெரியவர்கள் மேசையில் சாப்பிட உட்கார்ந்த குழந்தை மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"என்னங்க இது, யாரு சமைக்கப் போறா? ஒட்டகச்சிவிங்கியா?" என்று வெளியே எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் கீழே உட்கார்ந்து ஒரு இழுப்பறையின் முகப்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"அளவு தப்பிடுச்சு."

இந்த இரண்டு வார்த்தையை அவர் வாயால் நான் இருபத்தெட்டு வருஷத்தில் கேட்டதில்லை. அவர் தச்சர். அதிலும் சமையலறை மட்டும் செய்கிறவர். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனால் முதலில் சுவரை அளக்க மாட்டார். அந்த வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டு, கையை மடக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து தரைக்கு அளப்பார். முழங்கைக்கு நாலு விரல் கீழே மேடை. அதற்கு ஒரு நூல் கூடினாலும் தோள்வலி, குறைந்தாலும் இடுப்புவலி என்பார். மாமியார் குட்டை, மருமகள் நெட்டை என்றால் மேடையையே இரண்டு படியாகச் செய்து கொடுத்துவிட்டு வருவார். கல்யாணமான முதல் வாரம், நான் தையல் மெஷின் மேசையில் தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேசையைக் கவிழ்த்து நாலு காலிலும் ஒரு அங்குலம் அறுத்தார். அன்றைக்குத்தான் இவரோடு குடும்பம் நடத்திவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. அப்படிப்பட்ட மனுஷன், திருடிவிட்டேன் என்றுகூட ஒப்புக்கொள்வாரே ஒழிய, அளவு தப்பிவிட்டது என்று சொல்லவே மாட்டார்.

"ஒரு முக்காலி பண்ணித் தரேன். ஏறி நின்னுக்கோ," என்றார்.

சரி, அம்மாவின் உடம்பை நினைத்துக் கவலையாக இருக்கிறார், கை தடுமாறியிருக்கும் என்று அப்போதைக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏமாறுகிறவர்கள் முதலில் ஏமாற்றுகிறவருக்காக வக்கீல் வேலை பார்ப்பார்கள். நானும் பார்த்தேன்.

வேன் என்னுடைய யோசனை. கல்யாணமாகி இதுவரை ஆறு வாடகை வீடு மாறியாகிவிட்டது. ஆறிலும் ஒரு நாள் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் நின்று, மகனுக்குக் கல்யாணம், மகள் திரும்பி வருகிறாள் என்று எதையாவது சொல்லி, காலி செய்யச் சொல்லியிருக்கிறார். ஆறாவது ஆள் வந்து, ஒரு வருஷம் தவணை கொடுத்துவிட்டுப் போன அன்று நான் சொன்னேன், இனிமேல் யாரும் வந்து நிற்க முடியாத மாதிரி ஒரு வீட்டுக்குப் போகலாம், சக்கரம் வைத்த வீடு என்று. விளையாட்டாகத்தான் சொன்னேன். மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். இரண்டு பேருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? இவர் ஊர் ஊராகப் போய்ச் சமையலறை வேலை செய்யலாம், நான் வேன் வாசலில் மெஷினைப் போட்டு ஆல்டரேஷன் செய்யலாம். சொல்லச் சொல்ல எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. அவர் அன்று சிரித்தார். மறுவாரம் சலவைக் கம்பெனி ஒன்று கழித்துப் போட்ட ஒரு வேனைப் பார்த்துவிட்டு வந்து, "கூரை உசரம். நிமிந்து நிக்கலாம்," என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கையில் இருந்ததெல்லாம் வேனுக்கே போய்விட்டதால் உள்ளே செய்த வேலை முழுக்க ஒட்டுவேலைதான். வெல்டர் தம்பி முற்றத்தில் நிறுத்த இடம் கொடுத்தார். துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துத் தகடு வைத்தும் கொடுத்தார். வெயில் உள்ளே இறங்காமல் இருக்க, ஃபிரிட்ஜ் கடை வாசலில் தூக்கிப் போடும் தெர்மாகோல் அட்டைகளை இரண்டு மாதம் பொறுக்கிச் சேர்த்துச் சுவருக்குள் அடைத்தோம். பலகை எல்லாம் இவர் பிரித்தெடுத்த பழைய சமையலறைகளின் கதவுகள். கழுவுதொட்டி, மூடிப்போன ஒரு ஓட்டலுடையது. மெத்தைக்கான நுரை மூன்று பழைய சோபாவிலிருந்து உருவியது. திரைச்சீலை மட்டும் என் சொந்தச் சரக்கு. தைக்கக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் வாங்க வராத சட்டைகள், கால்சட்டைகள், மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று, எல்லாவற்றையும் பிரித்துச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்தேன். மாப்பிள்ளைக் கோட்டுக்கு என்ன ஆயிற்று, கல்யாணம் நின்றுவிட்டதா என்று நாங்கள் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிச் சிரித்தோம். ஏழு மாதம். இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. எந்தத் தட்டு எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று நான் சொல்வேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தலையாட்டுவார். பெண்டாட்டி சொல்லித் தச்சன் செய்கிற ஒரே வீடு இதுதான் என்று வெல்டர் தம்பி கிண்டல் செய்வார். எனக்கு அது மெடல் கொடுத்த மாதிரி இருக்கும்.

ஊருக்குப் போகும் முன்பே என் தையல் கடையைக் காலி செய்திருந்தேன். வாடிக்கைக்காரர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அலமாரியை மகளுக்கு அனுப்பியாயிற்று. கட்டிலை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. வீட்டில் நாங்கள் பாயில் படுத்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்க்க எதுவுமே மிச்சம் வைக்கவில்லை நான்.

மறுநாள் மெத்தை உறையை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் தைத்து முடித்த உறை அது. மாட்டினால் ஏறவில்லை. எட்டு அங்குலம் நுரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தால், கால்மாட்டில் ஒரு புதுத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. அந்த இடத்தில் என் துணிகளுக்கென்று ஒரு பெட்டி அடித்திருந்தார்; அது இல்லை. கேட்டேன்.

"வெயில்ல நுரை நீண்டிருக்கும்," என்றார்.

இருபத்தெட்டு வருஷமாகத் துணியும் நுரையும் பார்க்கிறவளிடம் சொல்கிறார். பூசி மெழுகுகிறவர்களுக்கும் ஒரு திறமை வேண்டும். அது இவருக்குக் கொஞ்சம்கூட இல்லை. மேலே கைப்பிடி, துணி மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் பார்த்தேன். கொக்கியைத் தொட நான் எம்பிக் குதிக்க வேண்டியிருந்தது. ஆனால் வாசல் பக்கம் என் மெஷினுக்கென்று செய்த பொந்து அச்சு அசல் மெஷினின் அளவு. கீழ் இழுப்பறை என் கைக்கு எட்டுகிற தூரம். ஆக, நான் கிளம்பும் நாள்வரை அவர் செய்ததெல்லாம் என் அளவு. அதற்கப்புறம் செய்ததெல்லாம் வேறு யாரோ ஒருத்தியின் அளவு. நான் அங்கே அவருடைய அம்மாவுக்கு மலம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த பன்னிரண்டு நாளில்தான் அது நடந்திருக்கிறது.

தையல்காரியிடம் அளவை விட்டுவைத்தால் அவள் சும்மா இருப்பாளா? மேடையின் உயரத்தோடு நாலு விரலைக் கூட்டினால் முழங்கை. முழங்கை தெரிந்தால் தோள் தெரியும். கொக்கியிலிருந்து கையின் நீளம், மெத்தையிலிருந்து ஆளின் நீளம். துணி வெட்ட மாதிரி வரையும் தாளில் வரைந்தே பார்த்துவிட்டேன். ஐந்தடி பத்து அங்குலம். நீளமான கை. இடுப்பு மட்டும் தெரியவில்லை. அளவு கொடுத்துவிட்டு ஆள் வராத கிராக்கி போல அந்தத் தாள் என் முன்னால் கிடந்தது. அடுத்த நாலு நாள் நான் தெருவில் உயரமான பெண் யாரைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளந்தேன். பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி, மருந்துக்கடையில் ஒருத்தி. மருந்துக்கடைப் பெண் சில்லறை கொடுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவள்தான் என்று அன்று முழுக்க அவளை மனசுக்குள் கரித்துக் கொட்டினேன். பாவம், அவளுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. இந்த வயசில் இந்த மனுஷனுக்கா, என்று சிரிப்பும் வந்தது. வெல்டர் தம்பியிடம் ஜாடையாகக் கேட்டேன். "எனக்கெதுக்குக்கா வம்பு, அண்ணன்கிட்டயே கேளுங்க," என்று கண்ணாடியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஐந்தாம் நாள் அவள் தானாகவே வந்தாள்.

இவர் கீல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் வேனுக்குள் தரையில் உட்கார்ந்து உறையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. அறுபது வயசு இருக்கும். நரைத்த குட்டை முடி, ஆண்பிள்ளை மாதிரி அகலமான தோள். தலையைக் கொஞ்சமாகச் சாய்த்து உள்ளே வந்தவர், போகிற போக்கில் மேடைமேல் கையை வைத்தார். முழங்கைக்கு நாலு விரல் கீழே. அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது.

"நீங்கதான் தையல்காரம்மாவா? திரைச்சீலையெல்லாம் நீங்க தச்சுத் தரீங்கன்னு சொன்னாரு. ரொம்ப அழகா இருக்கும்மா," என்றார்.

பள்ளிக்கூடத்தில் வாலிபால் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். கேட்டுக்குக் கீல் பற்றவைக்க வெல்டரிடம் வந்தபோது வேனைப் பார்த்தாராம். பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய்விட்டதாம். கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார். கால் சரியாக முடிந்த இடத்தில் மெத்தையும் முடிந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எனக்கேத்த மாதிரி கட்டில் எங்கயுமே கெடைச்சதில்லம்மா. எங்க போனாலும் கால் வெளிய தொங்கும். வர்ற வியாழக்கிழமை எடுத்துட்டுப் போறேன்."

"விக்கிறாரா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாதா? அவங்க ரெண்டு பேருக்குன்னு பாத்துப் பாத்துக் கட்டியிருக்காரு, பாவம். வீட்டம்மாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சாம். வண்டியில ஏறவே முடியலையாம். அதான் மனசில்லாம குடுக்கறேன்னாரு."

நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன். எழுந்திருக்கும்போது எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"அந்தப் பொந்து எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று நானே கேட்டேன்.

"செருப்பு வைக்கன்னு சொன்னாரு," என்றார் டீச்சர்.

அவர் போன பிறகு பிரித்துக்கொண்டிருந்த உறையை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். ஒருத்தியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று நாலு நாளாக இருந்தவளுக்கு, பிடிக்க யாருமே இல்லை. வந்தது ஒரு நல்ல மனுஷி. எனக்கு வந்த கோபத்தை வைக்க இடமில்லாமல் போயிற்று. வேறு பெண் விஷயமாக இருந்திருந்தால் நான் தெருவைக் கூட்டியிருப்பேன், மகளைக் கூப்பிட்டு அழுதிருப்பேன், நாலு பேர் நியாயம் சொல்ல வந்திருப்பார்கள். இதற்கு என்ன சொல்லி அழுவது? என் வீட்டுக்காரர் என் வீட்டை விற்றுவிட்டார் என்றால், வாடகை வீட்டில் இருக்கிறவளுக்கு ஏது வீடு என்பார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"என் முட்டி எப்படி இருக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"டீச்சர் வந்தாங்களா?"

"வந்தாங்க. மேடை சரியா இருக்கு. நீங்க அளவு தப்பல."

நான் சொன்னதில் அது ஒன்றுதான் அவரைக் குத்தியது என்று நினைக்கிறேன். கண் சிவந்துவிட்டது.

"நீ ஊருக்குப் போன ரெண்டாம் நாள், மத்தியானம், சும்மா கண்ணசரலாம்னு கதவைச் சாத்திட்டு உள்ள படுத்தேன்," என்றார். "கூரை மொகத்துக்கு மேல வந்து நிக்குது. மூச்சே நின்னுடும்போல ஆயிடுச்சு. எழுந்திரிச்சா கதவு தொறக்கத் தெரியல. நான் போட்ட தாழ்ப்பாள், எனக்கே தொறக்கத் தெரியல. கத்திட்டேன். வெல்டர் வந்துதான் தொறந்து விட்டான். உடம்பெல்லாம் வேர்த்து, பச்சப்புள்ள மாதிரி அங்கயே உக்காந்திருந்தேன். நாள் பூரா பொட்டி அடிக்கறவன் நான். என்னையே உள்ள வெச்சு அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே."

"உன் மொகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது?"

"மொகத்தைப் பாக்காம விக்க மட்டும் வந்துதா?"

தண்ணீரைக் குடித்தார். அப்புறம், ஏதோ எனக்குப் பிடித்த பண்டம் வாங்கி வந்தவர் மாதிரி, "மரக்கடைக்குப் பின்னால ரெண்டு ரூம் இருக்கு. பேசி வெச்சிருக்கேன். சமையல்கட்டு நானே செஞ்சிருவேன், உன் அளவுக்கு," என்றார்.

ஏழாவது வீடு. அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவரும் ஒரு நாள் வந்து நிற்பார்.

"வேற பொம்பளையோன்னு நெனச்சேன்," என்றேன்.

"ச்சீ. என்ன பேச்சு இது," என்று பதறினார். என் மேல் சந்தேகமா என்பதுபோல ஒரு பார்வை வேறு.

"அப்படி இருந்திருந்தாக்கூடத் தேவலை. உங்களுக்கு அவ மேல ஆசை, அதனால என்னை விட்டீங்கன்னு ஆயிருக்கும். இதுல நீங்க எதுக்காக என்னை வித்தீங்கன்னே தெரியல."

எனக்கு அவர் மேல் பரிதாபமே வரவில்லை என்று சொல்ல முடியாது. இருட்டுப் பெட்டிக்குள் அவர் கத்தியதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. பயந்ததற்காக நான் அவரைக் கோபிக்கவில்லை. பயந்துபோய் வெளியே வந்து உட்கார்ந்தவர், அடுத்த நாளே எழுந்து, இன்னொருத்தியைக் கையை மடக்கச் சொல்லி அளந்திருக்கிறார். பத்து நாள் இழைத்திருக்கிறார், ஒட்டியிருக்கிறார், மெழுகு போட்டிருக்கிறார். ஒவ்வொரு நாள் சாயந்திரமும் எனக்குப் போன் செய்து அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டு, மேடை நல்லா வருது, நீ வந்து பாரு என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குரலில் நான் ஒன்றையுமே கண்டுபிடிக்கவில்லை. என்னை அரிப்பது அதுதான்.

புதன்கிழமை வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் உறையைப் பிரித்து, எட்டு அங்குலம் துணி சேர்த்து, மறுபடி தைத்து முடித்தேன். பாதியில் நிற்கிற தையலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது, அவ்வளவுதான். தைத்துக்கொண்டே வியாழக்கிழமை டீச்சரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். நேரே சொல்லிவிடுவது, வேனைக் கொடுக்க முடியாது என்பது. வாங்கிய பணத்தை இவர் திருப்பிக் கொடுக்கட்டும். எப்படிக் கொடுப்பார் என்பது அவர் பாடு.

வியாழன் காலையில் நல்ல மழை. விட்டதும் டீச்சர் வந்தார். ஒரு தோள்பை, ஒரு தொட்டிச் செடி, பழைய வாலிபால் ஒன்று. இவர் வேன் முன்னால் நின்று பேப்பர்களைக் கொடுத்து, இந்த விளக்கு இப்படி, தண்ணீர்த் தொட்டி இப்படி என்று கிளிப்பிள்ளை போல ஒப்பித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே கடைசித் திரையைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் உள்ளே ஏறி, செடியை ஜன்னலோரம் வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"இனிமே எவனும் வந்து காலி பண்ணுன்னு சொல்ல முடியாது பாருங்க," என்றார்.

நான் தயாராக வைத்திருந்த வார்த்தையெல்லாம் அந்த இடத்தில் கலைந்துபோயிற்று. அது என் வாக்கியம். ஆனாலும் சொன்னேன்.

"டீச்சர், நான் கூலிக்குத் தைக்க வந்தவ இல்ல. நான்தான் அவர் வீட்டுக்காரி."

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முட்டியைத்தான் பார்த்தார். அப்புறம் வாசல் வழியாகக் கீழே நின்ற இவரைப் பார்த்தார். இவர் கையிலிருந்த அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நாடா ஒவ்வொரு தடவையும் படக்கென்று உள்ளே போயிற்று.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது," என்றார் டீச்சர். செடியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் எறங்கிடறேன். நீங்க சொல்லுங்க, இப்பவே எறங்கிடறேன்."

என் கையில்தான் இருந்தது. வேண்டாம் இறங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருந்தால் இவர் மறுபேச்சுப் பேசாமல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருப்பார். எந்த ஊருக்குச் சொன்னாலும் ஓட்டியிருப்பார். இரவில் கதவைத் திறந்து வைத்து, வாசல்படியில் உட்கார்ந்தே தூங்கியிருப்பார். ஒரு நாளும் குறை சொல்லியிருக்க மாட்டார். அந்தக் குறை சொல்லாத முகத்தை நான் தினமும் காலையில் பார்க்க வேண்டும். தனியாகப் போகலாம் என்றால் எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஏழு மாதம் ஆணிக்கு ஆணி யோசித்தவளுக்கு அதுமட்டும் தோன்றவே இல்லை; ஓட்ட இவர் இருக்கிறார் என்று இருந்துவிட்டேன். இவரை நான் அவ்வளவு நம்பியிருந்தேன்.

"எறங்காதீங்க," என்றேன். "எடுத்துட்டுப் போங்க. மழைக்குக் கட்டில் பக்க ஜன்னல் லேசா ஒழுகும். அடியில துணி வெச்சிருக்கேன்."

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே நிறுத்தினாலும் போன் செய்கிறேன், வந்து என்னோடு தங்கிவிட்டுப் போக வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். பள்ளிக்கூட வேன் எல்லாம் ஓட்டியவராம். ஒரே திருப்பில் முற்றத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார். பின் ஜன்னலில் மாப்பிள்ளைக் கோட்டின் சதுரங்கள் ஆடியபடி தெரு முனைவரை தெரிந்தன.

முற்றம் திடீரென்று பெரிதாகிவிட்டது. காலை மழையில் எல்லா இடமும் நனைந்து கறுத்திருக்க, வேன் நின்ற இடம் மட்டும் காய்ந்து வெளுத்து, நீளமாக, ஓரம் எல்லாம் கத்தரியால் வெட்டியது போலக் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் செருப்பை ஈரத்தில் கழற்றிவிட்டு, பக்கவாட்டுக் கதவு இருந்த இடம்வரை நடந்து, அங்கே காலைத் தூக்கி வைத்து உள்ளே போனேன். தரை வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு எட்டில் மேடை. அங்கே நின்று இரண்டு கையையும் எனக்கு வேண்டிய உயரத்தில் வைத்துக்கொண்டேன்.

இவர் வெல்டரின் அறையிலிருந்து இரண்டு டம்ளரில் டீ வாங்கிக்கொண்டு வந்தார். ஈரத்தில் சளக் சளக் என்று நேராக என்னை நோக்கி வந்தார். காய்ந்த இடத்தின் ஓரத்தைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைக்கப் போனார்.

"கதவு அந்தப் பக்கம்," என்றேன்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு காலைப் பின்னால் எடுத்து ஈரத்திலேயே வைத்து, இரண்டு டம்ளரோடும், எஞ்சின் இருந்த முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து, கதவு இருந்த இடத்துக்கு நேரே வந்து வெளியே நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. மறுபடி தூற ஆரம்பித்தது. முதல் துளி கட்டில் இருந்த இடத்தில் விழுந்தது, அடுத்தது அடுப்புப் பக்கம். அவர் டீயில் மழை விழுவதைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு, ஈரத்தில், கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.